வாசலில் கேட்கப்படும் கேள்வி

பங்குத்தந்தையர் எழுதித் தரும் கடிதங்கள் பலவகைப்படும். திருமுழுக்குச் சான்று, திருமணச் சான்று, பள்ளிச் சேர்க்கைக்கான பரிந்துரை ஆகியவை நெடுங்காலமாக நாம் அறிந்தவை. அண்மைக் காலத்தில் அவற்றோடு மற்றொன்றும் சேர்ந்துள்ளது. சென்னையில் வாடகைக்கு வீடு தேடிச் செல்லும் நம் இளைஞர்கள், "சாமி, வீட்டுக்காரங்ககிட்ட காட்ட ஒரு கடிதம் வேணும்" என்று கேட்டு வருகிறார்கள். வரிச்சிக்குடியைச் சேர்ந்த ஓர் இளைஞனுக்கு நாமும் அத்தகைய கடிதமொன்றை எழுதிக் கொடுத்தோம். "இவர் நல்ல கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவர்" என்பது அதன் முதல் வரி.

சில வாரங்கள் கழித்து ஊருக்கு வந்தபோது, வீடு தேடிய கதையை அவன் நம்மிடம் சொன்னான். மயிலாப்பூரில் ஒரு வீட்டில் மீன் சமைப்பதுண்டா என்று கேட்டார்கள். கடற்கரையில் பிறந்தவன், பொய் சொல்லவில்லை. பேச்சு அத்தோடு முடிந்தது. வேளச்சேரியில் திருமணமாகாதவர்களுக்கு வீடு இல்லை என்றார்கள். வேறோரிடத்தில், அவனோடு தங்கவிருந்த நண்பன் இஸ்லாமியன் என்று அறிந்ததும், நேற்றே முன்பணம் வாங்கிவிட்டதாகச் சொன்னார்கள். இறுதியில் ஆலயமொன்றின் அருகே, வாசல்நிலைக்கு மேல் திருஇருதயப் படம் மாட்டியிருந்த வீட்டிற்குச் சென்றான். உரிமையாளர் நம் கடிதத்தை மகிழ்ச்சியோடு படித்தார், காபியும் கொடுத்தார். பிறகு, "தம்பி, ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்டார். அவன் தெருவின் பெயரைச் சொன்னான். வீட்டில் மராமத்து வேலை இருக்கிறது, முடிந்ததும் சொல்லியனுப்புகிறேன் என்ற விடை வந்தது. சொல்லியனுப்பவே இல்லை.

அவன் இதைக் குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னான். நமக்குத்தான் சிரிக்க இயலவில்லை. அன்றிரவு சென்னையின் வரலாற்றை மீண்டும் எண்ணிப் பார்த்தோம். அந்த வாசலில் கேட்கப்பட்ட கேள்விக்கு ஏறக்குறைய அந்நகரின் வயதே ஆகிறது.

1639-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியார் பெற்ற கடலோர மணல்வெளியில், அடுத்த ஆண்டே புனித ஜார்ஜ் கோட்டை எழலாயிற்று. வணிகம் செழிக்க மக்கள் வேண்டும். ஆகவே அருகே சாந்தோமில் வாழ்ந்த போர்த்துக்கீசியக் கத்தோலிக்கரைக் கும்பினியாரே வரவேற்றுக் குடியமர்த்தினர். பெகு நாட்டுக்குப் புறப்பட்டு 1642-இல் இவ்வழியே வந்த எப்ரேம் என்னும் பிரெஞ்சுக் கப்புச்சின் துறவியை, அம்மக்களுக்காக இங்கேயே தங்கச் செய்தனர். கோட்டைக்குள் புனித அந்திரேயா ஆலயம் எழுந்தது. கோட்டையை ஒட்டியது வெள்ளையர் நகர். அதன் வடக்கே தமிழரும் தெலுங்கரும் வாழ்ந்தது கறுப்பர் நகர்.

கறுப்பர் நகருக்குள்ளும் பிரிவுகள் இருந்தன. வலங்கையர், இடங்கையர் என்னும் சாதிக் கூட்டங்களுக்கிடையே 1707-08-இல் பெரும் பூசல் மூண்டது. ஆளுநர் தாமஸ் பிட் கண்ட தீர்வு, இரு சாராருக்கும் தனித்தனி இடங்களை ஒதுக்கி எல்லை வகுப்பதாக இருந்தது. பெத்தநாயக்கன்பேட்டை வலங்கையருக்கும் முத்தியால்பேட்டை இடங்கையருக்கும் உரியதாயிற்று. 'எந்தத் தெரு?' என்று கேட்ட மாத்திரத்தில், 'நீ யார்?' என்பதற்கும் விடை கிடைத்துவிடும் ஏற்பாடு அது.

இனி வருவது காரைக்கால் மக்களாகிய நாம் சிறப்பாக அறிய வேண்டிய பகுதி. 1739-இல் நம் காரைக்கால் தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1746-இல், அதே பிரெஞ்சுக்காரர் சென்னையையும் கைப்பற்றினர். ஐரோப்பாவில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி 1749-இல் அந்நகர் ஆங்கிலேயரிடம் திரும்பியது. திரும்பியதும் ஆங்கிலேயரின் ஐயம் கத்தோலிக்கர் மீது விழுந்தது. பிரெஞ்சுத் துறவிகளின் ஆலயத்துக்குச் செல்வோர் பிரெஞ்சுக்காரருக்குத் துணைபோயிருப்பர் எனக் கருதினர். கப்புச்சின் துறவிகள் வெள்ளையர் நகரிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அந்திரேயா ஆலயம் பறிக்கப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. வெள்ளையர் நகரில் கத்தோலிக்கர் வீடு வைத்திருக்கலாகாது என்ற விதியும் வந்தது. நூறாண்டுகளுக்கு முன் வருந்தியழைத்துக் குடியமர்த்தப்பட்டவர்களின் வழிவந்தோர், தங்கள் சமயத்தின் பெயரால் வீதிக்கு வந்தனர். அவர்களுள் எத்தனை பேர் உண்மையில் பிரெஞ்சுக்காரருக்கு உதவினர் என்று தனித்தனியே விசாரித்துத் தீர்ப்பளிக்கவில்லை. 'கத்தோலிக்கர்' என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. அர்மேனியன் தெருவில் இன்று நாம் சென்று மன்றாடும் தூய மரியன்னை இணைப் பேராலயம், கோட்டைக்கு வெளியே தள்ளப்பட்ட அச்சமூகத்தின் வாழ்வோடு வளர்ந்த ஆலயமாகும்.

பின்வந்த நூற்றாண்டுகளில் நகர் பேட்டை பேட்டையாக விரிந்தது. நெசவாளர்களுக்கென 1734-இலேயே சிந்தாதிரிப்பேட்டை அமைந்திருந்தது. படகோட்டிகளான கத்தோலிக்கர் வடக்கே கடலோரம் குடியேறித் தங்கள் பாதுகாவலரான இராயப்பருக்கு ஆலயம் எழுப்பினர்; இராயபுரம் என்னும் பெயரே அவரால் வந்தது என்பர். பெரம்பூர் இரயில்வே பணிமனையையும் ஆலையையும் சுற்றி வளர்ந்தது. 1920-களில் மாம்பலத்து ஏரி தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் உருவாயிற்று. 1968-இல் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த இடத்தைச் சுற்றி அண்ணா நகர் விரிந்தது. 2000-இல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டபின், பழைய மகாபலிபுரம் சாலையோரத்துச் சிற்றூர்களெல்லாம் அடுக்குமாடிகளாயின. காவிரிப் படுகையின் பிள்ளைகள் இன்று வீடு தேடி அலைவது பெரும்பாலும் அப்பக்கமே.

சொந்த வீடில்லாமல் அந்நகருக்கு வந்தோர் எங்கே தங்கினர்? குடும்பத்தோடு வந்தோர் ஒண்டுக் குடித்தனங்களில் தங்கினர். ஒரே முற்றம், ஒரே தண்ணீர்க் குழாய், ஆளுக்கோர் அறை. தனியாக வந்த ஆடவர் திருவல்லிக்கேணியின் மேன்ஷன்களில் அடைந்தனர். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பின்மீதும் விசாகப்பட்டினத்தின்மீதும் குண்டு வீசியபோது, சென்னை மக்கள் அச்சத்தால் ஊர் ஊராக ஓடினர். பூட்டிய வீடுகள் தெருத்தெருவாக நின்றன. அச்சம் நீங்கி மக்கள் திரும்பியபின் நிலைமை தலைகீழாயிற்று; வீட்டுக்குப் பஞ்சம் வந்தது. வாடகையைக் கட்டுப்படுத்தவும், குடியிருப்போரை நினைத்த நேரத்தில் வெளியேற்றுவதைத் தடுக்கவும் 1946-இலும் 1949-இலும் சட்டங்கள் பிறந்தன. அவற்றின் தொடர்ச்சியாக வந்த 1960-ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது என்றது. ஆயினும் பத்து மாத முன்பணம் கேட்பதே சென்னையில் பல்லாண்டு வழக்கமாக இருந்தது. 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், அதைப் பதிவு செய்யவேண்டும் என்கிறது. இரு தரப்பாரும் வேறு வகையில் உடன்பட்டாலன்றி, முன்பணம் மூன்று மாத வாடகையை மீறக்கூடாது என்றும் கூறுகிறது.

இவையெல்லாம் நல்லவையே. ஆனால் இச்சட்டங்கள் பேசுவது, வாடகைதாரர் வீட்டுக்குள் வந்தபின் நிகழ்பவற்றை. வாசலிலேயே திருப்பியனுப்பப்படுபவரைப் பற்றி அவை பேசுவதில்லை. நம் அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, சாதி மத வேறுபாட்டால் கடைகளிலும் உணவகங்களிலும் பொதுக் கிணறுகளிலும் குளங்களிலும் எவரையும் தடுக்கலாகாது என்கிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் பெயர்சொல்லிக் குறிக்கப்படவில்லை. அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்ட ஒரு வாரத்துக்குள், 1968 ஏப்ரலில், வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறம், இனம், மதம் பார்ப்பதைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. அங்கும் சட்டம் வந்த மறுநாளே கதவுகளெல்லாம் திறந்துவிடவில்லை. ஆனால் திருப்பியனுப்பப்பட்டவர் முறையிட ஓர் இடம் கிடைத்தது.

சட்டத்தைக் குறைகூறி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. திருஇருதயப் படத்தின் கீழ் நின்று தெருவைக் கேட்டவர் நம்மவர். 1749-இல் 'நீங்கள் எந்தச் சமயம்?' என்று கேட்கப்பட்டு வீடிழந்த மக்களின் வழியில் வந்த திருச்சபையின் மகன், தன்னோடு ஒரே திருப்பந்தியில் அமரும் சகோதரனிடம் 'எந்தத் தெரு?' என்று கேட்கிறார். அன்று அந்தக் கேள்வி அநீதி என்றால், இன்று அது எப்படி முன்னெச்சரிக்கையாகும்?

இதில் நம் பங்கும் உண்டு. 'நல்ல கத்தோலிக்கக் குடும்பம்' என்று நாம் எழுதியதன் பொருள் என்ன? கேட்கப்படும் முன்பே அக்கேள்விக்கு நாமே விடை எழுதிக் கொடுத்தோம். நம்மவனுக்குக் கதவைத் திறக்கவேண்டுமெனக் கேட்ட அவ்வரி, அவனுடைய இஸ்லாமிய நண்பனுக்கு அதே கதவை மூடுவதை ஏற்றுக்கொண்டது. அவ்வரியை எழுதியபோது நமக்கு இது தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

இது தொலைவிலுள்ள பெருநகரின் சிக்கல் மட்டுமன்று. 2010-இல் புதுவைக்கான தேசியத் தொழில்நுட்பக் கழகம் தொடங்கப்பட்டு, நமக்கு அருகிலுள்ள திருவேட்டக்குடியில் நிலைகொண்டது. 2016-இல் ஜிப்மரின் மருத்துவக் கல்லூரி காரைக்காலுக்கு வந்தது. வடமாநிலத்தவரும் கேரளத்தவரும் இன்று நம் தெருக்களில் வீடு கேட்கிறார்கள். நம் இல்லங்கள் பலவற்றின் மாடி, பாரிசின் வடபுறநகர்களில் வாடகைக்குக் குடியிருக்கும் பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் எழுந்தது. அங்கே தம் பிள்ளைக்கு முன்பின் அறியாத ஒருவர் வீடு கொடுத்தார் என்பதை மறந்து, "சாமி, மாடி காலியா இருக்கு, நம்ம ஆளாப் பார்த்துச் சொல்லுங்க" என்று நம்மிடம் கேட்போர் உண்டு. 'நம்ம ஆள்' என்றால் யார் என்று திருப்பிக் கேட்க இனி நாம் தயங்கப்போவதில்லை.

திருத்தூதர் பவுல் உரோமை நகரில் விசாரணையை எதிர்நோக்கியிருந்தபோது, ஈராண்டுகள் வாடகை வீட்டில் குடியிருந்தார் என்று திருத்தூதர் பணிகள் நூலின் இறுதிப் பகுதி கூறுகிறது. காவலில் இருந்த ஒரு யூதருக்கு அங்கே வீடு கொடுத்த உரிமையாளர் யார் என்பது நமக்குச் சொல்லப்படவில்லை. ஆனால் தம்மைத் தேடி வந்த அனைவரையும் பவுல் அந்த வீட்டில் வரவேற்றார் என்று மட்டும் சொல்லப்பட்டுள்ளது.

நம் இளைஞனுக்கும் நண்பனுக்கும் முடிவில் மேடவாக்கத்தில் வீடு கிடைத்தது. அவ்வீட்டு அம்மையார் இரண்டே கேள்விகள் கேட்டாராம்: எத்தனை பேர் தங்குவீர்கள்? வாடகையை எந்தத் தேதியில் தருவீர்கள்? நம் கடிதம் அவன் சட்டைப்பையிலேயே இருந்தது, காட்டத் தேவைப்படவில்லை.

அதன்பின் நாம் எழுதும் கடிதங்களில் அந்த முதல் வரி இல்லை. 'இவரை நமக்குத் தெரியும்; உழைத்துச் சம்பாதிப்பவர்; வாக்குத் தவறாதவர்' என்று மட்டும் எழுதுகிறோம். வாடகைக்கு விடுபவர் அறிய வேண்டியது அவ்வளவே. நம் பங்கில் மாடியை வாடகைக்கு விட எண்ணியிருப்போரும், பலகையை மாட்டும் முன் இதை ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்களாக.