முகவரிகளின் பட்டியல்

வலைத்தளம் எழுதக் கற்க வருகிறவர்களுக்கு நான் முதலில் திறந்து காட்டுவது, பைத்தானில் தளம் கட்ட உதவும் ஜாங்கோ என்ற கருவியின் 'யூஆர்எல்ஸ்' கோப்பைத்தான். எந்த முகவரி வந்தால் எந்த ஃபங்ஷன் பதில் தர வேண்டும் என்று அதில் வரிவரியாக எழுதியிருக்கும். ஒரு தளம் என்னென்ன செய்யும் என்பதை அந்த ஒரு கோப்பைப் படித்தே சொல்லிவிடலாம். அந்தப் பட்டியல் ஒரு நாளிதழ் அலுவலகத்தில் உருவானது என்பதையும் சேர்த்தே சொல்வேன். அது தெரிந்தால்தான் அதன் அருமை புரியும்.

சர்வரில் புரோகிராமை ஓடவைக்கும் சிஜிஐ முறை 1993-இல் வந்தபோது, முகவரி என்பது பெரும்பாலும் சர்வரில் கிடக்கும் ஒரு கோப்பின் பாதைதான். 'சிஜிஐ-பின்' டைரக்டரியில் பெர்ல் ஸ்கிரிப்டைப் போட்டால், அந்த ஸ்கிரிப்டின் பெயரே முகவரியில் நிற்கும். பின்னால் வந்த பிஎச்பியிலும் அதே வழக்கம்: கோப்பின் பெயர், ஒரு கேள்விக்குறி, ஓர் எண். புரோகிராமை வேறு மொழியில் திருப்பி எழுதினால் கோப்பின் பெயர் மாறும். பழைய இணைப்புகள் எல்லாம் செத்துப்போகும்.

1996-இல் ரால்ஃப் எங்கல்ஷால் அப்பாச்சி சர்வருக்காக மாட்_ரீரைட் என்ற மாட்யூலை எழுதினார். வரும் முகவரியை ரெகுலர் எக்ஸ்பிரஷனால் பிடித்து வேறு கோப்புக்குத் திருப்பிவிட அதனால் முடிந்தது. ஆனால் அந்த விதிகள் சர்வரின் அமைப்புக் கோப்பில் இருந்தன, புரோகிராமுக்குள் இல்லை. நல்ல முகவரி மாறக் கூடாது, கோப்பின் வகையோ மென்பொருளின் அடையாளமோ அதில் ஒட்டியிருக்கக் கூடாது என்று 1998-இல் வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ எழுதினார்.

நான் சொன்ன நாளிதழ் அலுவலகம் இருந்தது அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், லாரன்ஸ் என்ற பல்கலைக்கழக ஊரில். அங்கே வெளிவரும் 'லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட்' நாளிதழின் இணையப் பிரிவில் ஏட்ரியன் ஹோலோவாட்டியும், இங்கிலாந்திலிருந்து வந்த சைமன் வில்லிசனும் 2003-இல் பிஎச்பியை விட்டுப் பைத்தானுக்கு மாறினார்கள். நாளிதழில் கேட்டால் அன்றே பக்கம் தயாராக வேண்டும். அதே சமயம், இன்று வந்த செய்தியைப் பத்து வருடம் கழித்தும் வாசகர் தேடி வருவார். இந்த இரண்டு நெருக்கடிக்கும் நடுவில்தான் அவர்களுடைய கருவி வளர்ந்தது.

முகவரிகளின் வடிவங்களை ரெகுலர் எக்ஸ்பிரஷனாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு ஃபங்ஷனின் பெயரை வைத்தார்கள். கோரிக்கை வந்ததும் பட்டியல் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படும். முதலில் பொருந்தும் வரியோடு தேடல் நின்றுவிடும். முகவரியில் உள்ள வருடம், மாதம் போன்றவை ஃபங்ஷனுக்கு ஆர்கியுமென்டாகப் போய்ச் சேரும். உள்ளே புரோகிராமை எப்படி மாற்றினாலும் வெளியே முகவரி அப்படியே நிற்க இதனால் வழி பிறந்தது.

2005 ஜூலையில் அந்தக் கருவி ஜாங்கோ என்ற பெயரில் ஓப்பன் சோர்ஸாக வெளியானது. 2008-இல் வெளிவந்த 1.0 பதிப்பில் ஒவ்வொரு வரிக்கும் தனிப் பெயர் சூட்டும் வசதி கிடைத்தது. டெம்ப்ளேட்டில் முகவரியைக் கையால் எழுதத் தேவையில்லை. பெயரைச் சொன்னால் ஜாங்கோவே முகவரியைக் கட்டித் தரும். 2010-இல் ஆர்மின் ரோனாக்கர் வெளியிட்ட ஃபிளாஸ்க் என்ற இன்னொரு பைத்தான் கருவி, ஃபங்ஷனின் தலைமேலேயே டெக்கரேட்டராக முகவரியை எழுத வைத்தது. சின்னத் தளத்துக்கு அது வசதிதான். என் தேர்வு இன்றும் தனிப் பட்டியலே. புதிதாக வேலைக்குச் சேர்பவர் ஒரே இடத்தில் முழுத் தளத்தையும் படித்துவிடலாம். 2017 டிசம்பரில் வந்த ஜாங்கோ 2.0, 'பாத்' என்ற எளிய எழுத்துமுறையைத் தந்தது. ரெகுலர் எக்ஸ்பிரஷன் தெரியாதவரும் இப்போது பட்டியலைப் படிக்க முடிகிறது.

ஆனால் தமிழுக்கு இன்னும் இடறல் இருக்கிறது. பாத்தில் உள்ள 'ஸ்லக்' வகை ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு, அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே ஏற்கும். தலைப்பிலிருந்து முகவரித் துண்டை உண்டாக்கும் 'ஸ்லக்கிஃபை' ஃபங்ஷனிடம் யூனிகோடை அனுமதிக்கச் சொன்னாலும், பைத்தானின் ரெகுலர் எக்ஸ்பிரஷன் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணாததால் 'தமிழ்' என்பது 'தமழ' ஆகிவிடுகிறது.

தமிழில் செய்தித் தளமோ நூலகத் தளமோ கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் முகவரி வரியை எழுதும் அன்றே ஒரு தமிழ்த் தலைப்பைக் கொடுத்துச் சோதியுங்கள். ஸ்லக் மறுத்தால், தமிழ் எழுத்தையும் ஏற்கும் 'ஸ்ட்ர்' வகையை வையுங்கள். துண்டை உண்டாக்கும் ஃபங்ஷனை நீங்களே எழுதுங்கள். ஒருமுறை வெளியிட்ட முகவரியைப் பிறகு மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழையதிலிருந்து புதியதற்கு ரீடைரக்ட் வைத்துவிடுங்கள்.