கோள்களைக் கடந்து சென்ற வொயேஜர் விண்கலங்கள்

1977ஆம் ஆண்டு நாசா ஏவிய வொயேஜர் 1, வொயேஜர் 2 ஆகிய விண்கலங்கள் சூரிய மண்டலத்தின் வெளிக்கோள்களை நமக்கு அருகில் காட்டின. வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் நான்கையும் ஒரே பயணத்தில் எட்டும் அமைவு ஏறத்தாழ 175 ஆண்டுகளுக்கு ஒருமுறையே வரும். அக்காலத்தில் அது வாய்த்தது. எரிபொருள் அதிகம் செலவிடாமல், ஒரு கோளின் ஈர்ப்பைப் பயன்படுத்தியே அடுத்த கோளை நோக்கித் திரும்பின.

வியாழனின் துணைக்கோளான அயோவில் எரிமலைகள் குமுறுவது 1979இல் தெரியவந்தது. யுரேனஸை 1986இலும் நெப்டியூனை 1989இலும் வொயேஜர் 2 கடந்தது. வேறெந்த விண்கலமும் இன்றுவரை அவ்விரு கோள்களையும் நெருங்கவில்லை.

சூரிய ஒளி மங்கிய அத்தொலைவில், புளூட்டோனியத்தின் வெப்பத்திலிருந்தே இவை மின்சாரம் பெறுகின்றன. வொயேஜர் 1 2012இலும், வொயேஜர் 2 2018இலும் விண்மீன்களுக்கு இடையிலான வெளியில் நுழைந்தன.

இரண்டிலும் பொன்முலாம் பூசிய இசைத்தட்டு ஒன்று உண்டு. அதில் 55 மொழிகளில் வாழ்த்துகள் பதிவாகியுள்ளன. சிங்களம், தெலுங்கு, கன்னடம் உண்டு, தமிழ் இல்லை. அத்தட்டை இனி மாற்ற முடியாது. ஆனால் அடுத்த பயணங்களைத் திட்டமிடுவோர் வரிசையில் எமது மாணவர்களும் இடம்பிடிக்கலாம். அதற்கான வழி, இன்று வகுப்பறையில் கற்கும் கணிதமும் பௌதிகவியலுமே.