அகத்திய மலையின் மாணாக்கர்

தமிழுக்கு இலக்கணம் வகுத்தவர் என்று நம் முன்னோர் போற்றிய அகத்திய முனிவரின் பெயர் தாங்கிய மலை, நம் வித்துராவை அடுத்த மலைத்தொடரில் உயர்ந்து நிற்கிறது. அதன் சாரல்களில் தொன்றுதொட்டு வாழ்பவர் காணி மக்கள். அவர்தம் பேச்சு தமிழுக்கும் மலையாளத்திற்கும் நெருங்கிய உறவுடையது. எனினும் இரண்டினின்றும் வேறானது. ஆகவே காணிச் சிறுவன் பள்ளியில் முதன்முதல் கேட்பது அவன் வீட்டு மொழி அன்று. அவன் வாய் திறவாதிருப்பின், மொழி அறியாத ஆசிரியர் அம்மௌனத்தை அறிவின்மை என்றே கொள்வார்.

உண்மை யாது? 1987-ஆம் ஆண்டு இம்மலைக்குச் சென்ற ஆராய்ச்சியாளர், வழிகாட்டிய காணிமார் ஒரு செடியின் காயைத் தின்று களைப்பின்றி நடப்பதைக் கண்டு வியந்தனர். 'ஆரோக்கியப்பச்சை' என்னும் அச்செடி, பாலோட்டுத் தாவரவியல் ஆராய்ச்சி நிலையத்தில் ஆராயப்பெற்று 'ஜீவனி' என்னும் மருந்தாயிற்று. வருவாயில் காணி மக்களுக்கும் பங்கு வகுக்கப்பட்டு, 1997-இல் அவர்கட்கென ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. அறிஞர்க்கே ஆசிரியராய் விளங்கியோரின் மக்களை மந்தர் என்பது தகுமோ?

கனடா நாட்டில் பழங்குடிச் சிறாரைப் பெற்றோரினின்று பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்து, தாய்மொழி பேசியமைக்கும் தண்டித்தனர். அக்கொடுமையை ஆராய்ந்த உண்மை நல்லிணக்க ஆணையம் 2015-இல் 94 பரிந்துரைகளை வெளியிட்டது. பழங்குடியினரின் அறிவையும் கற்பிக்கும் முறையையும் வகுப்பறையில் இணைக்க ஆசிரியரைப் பயிற்றுவித்தல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

கேரள அரசும் 2017-இல் வயநாட்டில் 'கோத்ரபந்து' திட்டத்தின்வழி, பயிற்சி பெற்ற பழங்குடியினரையே தொடக்கப் பள்ளிகளில் வழிகாட்டி ஆசிரியராக அமர்த்திற்று. மலையூர்களில் நடந்த ஓராசிரியர் கற்றல் மையங்கள் 2022-இல் மூடப்பட்டன. மலைச் சிறார் பொதுப் பள்ளிகளையே நாடவேண்டிய இந்நிலையில், அங்குள்ள ஆசிரியர்க்கு அவர்தம் மொழியையும் வாழ்வையும் கற்பித்தல் முன்னிலும் இன்றியமையாதது.

இதில் நமக்கென்ன என்று எவரும் வினவற்க. 1956-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பெற்ற 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகட்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி கிடைக்க மாநிலங்கள் முயலவேண்டும் என விதிக்கின்றது. அப்பிரிவைக் காட்டியே நம் பிள்ளைகட்குத் தமிழ்க் கல்வி கோருகின்றோம். நமக்குக் கேட்கும் நீதியை மலைமேல் வாழும் அண்டை வீட்டாருக்கும் கேட்பதன்றோ தமிழ்ப் பண்பு! காணிமொழி அறிந்த ஓர் ஆசிரியரேனும் ஒவ்வொரு மலையடிப் பள்ளியிலும் வேண்டும் என நம் சங்கமும் குரல் கொடுக்குமாக.