கிணற்றில் இறங்கிய பசளை

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி நிலத்தடியிலே தங்குகின்றது. அந்நீரையே நாம் பருகுகின்றோம். அந்நீரையே தோட்டத்துக்கும் இறைக்கின்றோம். அதில் நைத்திரேற்று மிகுந்துள்ளதென 1980களிலிருந்து ஆய்வாளர் காட்டி வருகின்றனர். தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் அது, உலக சுகாதார தாபனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியுள்ளது. கமக்காரனின் பேராசையே இதற்குக் காரணம் என்பாருளர். வரலாறு வேறு கதை கூறுகின்றது.

முன்னாளில் நைதரசன் கிடைத்தற்கரிய பொருள். நம் முன்னோர் குழை தாழ்த்தும், ஆட்டுப்பட்டி அடைத்தும், மாட்டெரு இட்டும் அதனைத் தேடிக்கொண்டனர். ஐரோப்பாவோ தென்னமெரிக்கப் பாலைவனத்து வெடியுப்பை நாடிற்று. அவ்வுப்பு நிலங்களை முன்னிட்டே 1879இல் சிலி, பெரு, பொலிவியா ஆகியன போரில் இறங்கின. 1909இல் ஃபிரிட்ஸ் ஹேபர் காற்றின் நைதரசனை அமோனியாவாக்கிக் காட்டினார். 1913இல் ஜேர்மனியின் ஒப்பாவில் அது ஆலைப் பொருளாயிற்று. மறு ஆண்டு மூண்ட உலகப் போரில் அதே அமோனியா வெடிமருந்துக்கும் பயன்பட்டது.

இலங்கையில் நெற்செய்கைக்கான பசளை மானியம் 1962இல் தொடங்கியது. 1970 முதல் 1977 வரை ஆண்ட அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தவே, குடாநாட்டுத் தோட்டங்கள் செழித்தன. துலா நின்ற இடத்துக்கு இயந்திரம் வந்தது; குழைவண்டி வந்த ஒழுங்கையால் யூரியா மூட்டை வந்தது. 1977இன் பின் சந்தை திறந்துவிடப்பட்டது. விலை வீழ்ந்தவன் விளைச்சலைக் கூட்டியே பிழைக்க வேண்டியவனானான். விற்பவன் மூட்டையைக் கொடுத்தான். அளவைக் கற்பித்தவர் எத்தனை பேர்?

பயிர் உண்டது போக எஞ்சும் நைத்திரேற்றை மண் பற்றி வைப்பதில்லை. களித்துணிக்கையும் மறையேற்றமுடையது, நைத்திரேற்றும் அத்தகையதே. எனவே நீர் அதனைக் கிணற்றிற் சேர்க்கின்றது. மலசலகூடக் குழிகளும் தம் பங்கைச் சேர்க்கின்றன. இத்தகைய கிணற்றுநீரில் கரைத்த பாலை உண்ட சிசுக்களின் உடல் நீலம் பாரிப்பதை 1945இல் அமெரிக்காவின் அயோவா மருத்துவர் ஹன்டர் கொம்லி எடுத்துக்காட்டினார். மிகையின் விலையை முதலிற் செலுத்துவது தொட்டிற் பிள்ளையே.

இதற்கு மாற்று யாது? 2021இல் அரசு செயற்கைப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தது. விளைச்சல் வீழ்ந்தது, அவ்வாண்டு நவம்பரிலேயே தடை தளர்ந்தது. மிகைக்கு இல்லாமை மருந்தன்று. டென்மார்க் 1987இல் நீர்நிலைகளுக்குச் செல்லும் நைதரசனைப் பாதியாக்கத் திட்டமிட்டது. கமக்காரர் பசளைக் கணக்கு எழுதினர்; எருவைக் காலமறிந்து இட்டனர்; அறுவடைக்குப் பின் மூடுபயிர் விதைத்தனர். ஒரு தலைமுறைக்குள் நிலத்திலிருந்து வடியும் நைதரசன் ஏறக்குறைய அரைவாசியாயிற்று.

நமக்கும் ஒரு கணக்கு உண்டு. லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுள்ள நீரில் 1000 கனமீற்றர் இறைத்தால், ஏறத்தாழ 11 கிலோகிராம் நைதரசன் தோட்டத்துக்கு மீள்கின்றது. அதனைக் கழித்து, எஞ்சியதைப் பயிர் வேண்டும் வேளைகளிற் பகுத்திட்டாற் போதும். ஆனால் கிணற்றுநீரை அளந்து சொல்லாமற் கமக்காரன் எதைக் கழிப்பான்? ஊர்தோறும் மண்ணையும் நீரையும் சோதித்துச் சொல்வது அரசின் கடன். அதைக் கேட்டுப் பெறுவது மக்களின் உரிமை. அக்கணக்கை வகுப்பறையிலே கற்பிப்பது, ஆசிரியராகிய நம் கடன்.