ஐட்டம் மோட்: ஒரு வீடு, ரெண்டு சாப்பல், ஒரு நாய்க்கூண்டு

தலைப்பைப் பார்த்துட்டு தப்பான நினைப்போட உள்ளே வந்த மக்களே, மன்னிக்கணும். இது இங்கிலாந்தில் கென்ட் மாகாணத்தில், செவனோக்ஸ் பக்கத்தில் இருக்கிற ஒரு பழைய வீட்டின் பெயர். ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்தால் 'இக்தாம்' என்றுதான் படிப்போம். ஆனால் உள்ளூர்க்காரர்கள் வாயில் அது 'ஐட்டம்'. நான் என்ன செய்ய!

'மோட்' என்பது வீட்டைச் சுற்றியுள்ள அகழியைக் குறிக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். இல்லை, ஊர்க்கூட்டம் நடக்கும் இடத்துக்கான பழைய சொல் அது என்பது இன்னொரு கட்சி. ஏறக்குறைய 1320-ல் கட்ட ஆரம்பித்த வீடு. நாலு பக்கமும் தண்ணீர், நடுவில் முற்றம், அதைச் சுற்றி கல்லும் மரச்சட்டமுமாய் எழுபதுக்கும் மேல் அறைகள். ஒரே ஆள் திட்டம் போட்டுக் கட்டியது கிடையாது. யார் யார் கையில் காசு இருந்ததோ, அவரவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தது. அதனால்தான் பார்க்க அழகாக இருக்கிறது என்பது என் கட்சி.

உள்ளே ரெண்டு சாப்பல், அதாவது வீட்டோடு சேர்ந்த சின்ன தேவாலயம். பழையது 14-ஆம் நூற்றாண்டு. கீழே கல்லால் ஆன நிலவறை, மேலே வழிபாட்டு அறை. பிற்காலத்தில் அங்கே வழிபாடு நின்றுபோய், வீட்டின் இன்னொரு அறையாகிவிட்டது. அந்த நிலவறையை மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க, கடைசியில் அங்கேதான் வருவோம்.

புது சாப்பல் என்கிறார்களே, அதுவும் டியூடர் காலத்துச் சமாச்சாரம்தான். அதன் கூரையில்தான் எனக்குப் பிடித்த கதை இருக்கிறது. 1521-ல் இந்த வீட்டை வாங்கியவர் சர் ரிச்சர்ட் கிளெமென்ட். எட்டாம் ஹென்றி அரசவையில் சின்ன பதவியில் இருந்தவர். ராஜ விசுவாசத்தைக் காட்ட, வளைந்த மரக்கூரை முழுக்க டியூடர் ரோஜாவையும், ராணி கேத்தரினின் ஸ்பெயின் வம்சச் சின்னங்களான மாதுளை, கோட்டை, அம்புக்கட்டு எல்லாவற்றையும் வர்ணத்தில் தீட்ட வைத்தார். 1533-ல் ஹென்றி அந்த ராணியையே தள்ளி வைத்துவிட்டார். இப்போ தலைக்கு மேலே தள்ளி வைத்த ராணியின் மாதுளை! யாராவது வந்து பார்த்தால் என்ன ஆகும் என்று மனுஷன் எத்தனை ராத்திரி தூங்காமல் இருந்தாரோ. ஆனால் சுரண்டவில்லை. வர்ணம் மங்கினாலும் மாதுளை இன்னமும் அங்கேயே இருக்கிறது.

1591-லிருந்து செல்பி குடும்பம், கிட்டத்தட்ட முந்நூறு வருஷம். அந்த வீட்டு டேம் டோரதி செல்பிதான் 1605 வெடிமருந்துச் சதியைக் காட்டிக் கொடுத்தவர், அதனால் அவரைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டார்கள் என்றொரு பேய்க்கதை உண்டு. அம்மணி 1641-ல்தான் இறந்தார், கல்லறை ஊர் தேவாலயத்தில் இருக்கிறது. பழைய வீடென்றால் பேய் இல்லாமல் எப்படி?

1880-களின் கடைசியில் பால்மர் என்ற அமெரிக்க ஜெனரலின் குடும்பம் இங்கே வாடகைக்கு இருந்தது. ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட் வந்து தங்கி, 1889-ல் புல்தரையில் பந்து விளையாடுவதை வரைந்தார். அடுத்து வீட்டை வாங்கிய சர் தாமஸ் கோலியர்-ஃபெர்குசன்தான் ஒழுங்காக ரிப்பேர் பார்த்தவர். முற்றத்தில் தன் செயின்ட் பெர்னார்டு நாய் டைடோவுக்கு மரத்தில் ஒரு கூண்டும் கட்டினார். வீட்டோடு சேர்த்து அதுவும் இன்று கிரேடு ஒன் பாதுகாப்புப் பட்டியலில். இங்கிலாந்தில் பட்டியலிட்ட கட்டடங்களில் நூற்றுக்கு இரண்டரைதான் அந்தத் தரம் பெறும். அந்தத் தரத்தில் இருக்கிற ஒரே நாய்க்கூண்டு இதுதானாம். நாயாய்ப் பிறந்தாலும்... சரி, வேண்டாம்.

ஆனால் சிரிக்கிற கதை இல்லை இது. சர் தாமஸின் கடைசி மகன் 1917 ஜூலை 31 அன்று போர்முனையில் விக்டோரியா கிராஸ் பெறும் வீரம் காட்டி, அன்றைக்கே செத்தான். மூத்த மகன் 1940-ல் குண்டுவீச்சில் போனார். 1951-ல் கிழவர் கண்ணை மூடியதும் வீடு பேரனுக்கு வந்தது. வரி, பராமரிப்பு எதற்கும் கட்டுப்படியாகவில்லை. சாமான்கள் ஏலத்துக்குப் போயின. கூரையில் இருக்கும் ஈயத்துக்காக வீட்டையே இடித்துவிடலாம் என்ற பேச்சும் வந்தது. அறுநூறு வருஷத்து வீடு, எடைக்கு எடை ஈயம்! கடைசியில் உள்ளூர் வியாபாரிகள் மூணு பேர் சேர்ந்து, வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் நாம வச்சிருப்போம் என்று வாங்கிப் போட்டார்கள். எனக்கு சர் பட்டம் போட்ட எல்லோரையும்விட இந்த மூணு பேர் மேல்தான் மரியாதை.

ஆள் கிடைத்தது 1953-ல். அமெரிக்காவின் மெய்ன் மாநிலம், போர்ட்லண்டைச் சேர்ந்த சார்லஸ் ஹென்றி ராபின்சன். வாலிப வயசில் மிதிவண்டியில் சுற்றியபோது பார்த்து மயங்கிய வீடு, 'கன்ட்ரி லைஃப்' பத்திரிகையில் விற்பனை விளம்பரமாக வந்து நின்றது. விலை பேசிவிட்டுக் கப்பலேறிய பிறகு பயம் பிடித்துவிட்டது. வேண்டாம் என்று கடிதமும் எழுதிவிட்டார். போடப் போனால் கப்பலின் தபால் கவுண்டர் மூடியிருந்ததாம். சரி, விதி என்று விட்டுவிட்டார் என்கிறார்கள். நம்ம ஊரில் சாயங்காலம் மூடின கவுன்டரைப் பார்த்துத் திட்டாதவர் உண்டா? இனி ஒருமுறை யோசிக்கணும் போல.

வருஷத்தில் சில வாரங்கள்தான் அவர் அங்கே இருந்தார். ஆனாலும் பழுது பார்த்தார், பொருத்தமான பழைய மரச்சாமான்கள் தேடிப் போட்டார். 1985-ல் இறந்தபோது வீட்டை நேஷனல் டிரஸ்டுக்கு விட்டுச் சென்றார்.

கிரேடு ஒன் என்று தாளில் எழுதினால் யாரும் இஷ்டத்துக்கு இடிக்க முடியாது, உண்மைதான். ஆனால் ஈரத்துக்கும் பூச்சிக்கும் தாளைப் படிக்கத் தெரியாதே. 1989-லிருந்து 2004 வரை பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பதிவு செய்து, கெட்டதை மாற்றித் திரும்பச் சேர்த்தார்கள். செலவு சுமார் ஒரு கோடி பவுண்டு.

ராபின்சனின் சாம்பல் அமெரிக்காவுக்குப் போகவில்லை. பழைய சாப்பலின் அந்த நிலவறைக்கு வெளியே, சுவருக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள்.