முதுகைத் திறந்து வைத்த பெட்டி

ரொம்ப நாளாச்சு இங்கே எழுதி. இன்றைக்கு எழுத வைத்தது ஒரு ப்ளைவுட் பலகை.

பையன் பத்தாவது. எங்கள் கோத்ருட் ஃப்ளாட்டில் அவனுடைய எலெக்ட்ரிக் கிடாரும் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரும் உண்டு. பக்கத்து வீட்டு ஆஜோபா (தாத்தாவுக்கு மராத்தி) இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டார். ஆம்ப்பைத் திருப்பிப் பார்த்தால் முதுகுப்பக்கம் திறந்தே கிடக்கிறது. சத்தம் இங்கேதான் கசிகிறது என்று ஒரு பலகையை அளவாக வெட்டி வாங்கிவந்து, நாலு ஸ்க்ரூ போட்டு மூடிவிட்டேன். இன்ஜினியர் மூளை!

பையன் ஒரே ஒரு தடவை வாசித்துப் பார்த்தான். "என் கிடாரையே கெடுத்துட்டீங்கப்பா." அதோடு இரண்டு நாள் பேச்சில்லை. ஆஜோபாவோ, இப்போது சுவரே அதிருகிறது என்றார்.

சரி, என்னதான் ஆச்சு என்று தேடப்போய்த்தான் இந்தக் கதை கிடைத்தது.

அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1950களில் விற்ற பாஸ்மேன் ஆம்ப், பைன் மரப் பெட்டி. உள்ளே நாலு பத்து அங்குல ஸ்பீக்கர். முதுகு திறந்தது. லண்டன் ஹான்வெல்லில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலிடம் வந்த கிடார் பையன்களுக்கு அந்த மாதிரி சத்தம் வேண்டும். 1962-ல் அவரும் கென் பிரானும் டட்லி கிரேவனும் பாஸ்மேன் சர்க்யூட்டை அப்படியே பார்த்து ஒன்று செய்தார்கள். பெட்டி மட்டும் வேறு. செலஸ்டியன் கம்பெனியின் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் இரண்டு போட்டால் பவர் தாங்காமல் எரிந்துபோயின. நாலு போட்டு, முதுகை மூடினார்கள். வால்வுகளிலும் சின்ன மாற்றம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் ஃபெண்டரின் பிள்ளை ஃபெண்டர் மாதிரிப் பேசாமல் போனதற்குப் பெரிய காரணம் அந்தப் பெட்டிதான் என்பது என் கட்சி.

விஷயம் இதுதான். ஸ்பீக்கர் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போதே பின்னால் இழுக்கிறது. முதுகு திறந்திருந்தால் பின்பக்க அலை சுற்றிவந்து முன்பக்க அலையோடு மோதி, கீழ் ஸ்தாயியைக் கொஞ்சம் தின்றுவிடும். மிச்சம் அறை முழுக்கப் பரவும். மூடினால் அந்தச் சண்டை இல்லை. உள்ளே அடைபட்ட காற்று ஸ்ப்ரிங் மாதிரி கூம்பைப் பிடித்து நிறுத்த, கீழ் ஸ்தாயி இறுகி நெஞ்சில் இடிக்கும். ஆஜோபாவின் சுவரில் இடித்தது அதுதான்! பெட்டி சின்னதாகவும் இருந்துவிட்டால் குடத்துக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கும். பையன் சொன்னதும் சரி.

இன்னொன்று. கிடார் ஸ்பீக்கர் சுமார் 5000 ஹெர்ட்ஸுக்கு மேலே பெரும்பாலும் பாடாது. அதனால்தான் ராக் கிடாரின் கரகரப்பு காதுக்கு இதம். அதையே வீட்டு ஸ்டீரியோவில் நேராகப் போட்டால் குளவி கத்துகிற மாதிரி இருக்கும்.

1965-ல் 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட் இன்னும் சத்தம் கேட்டு, ஒரே பெட்டியில் எட்டு ஸ்பீக்கர் போட்டு வாங்கினார். தூக்கிச் சுமந்தவர்கள் முதுகு ஒடிந்து புலம்பவே, அது நாலு நாலாகப் பிரிந்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியது. மேடைகளில் நாம் பார்க்கும் அந்தக் கறுப்புச் சுவர் வந்த வழி இதுதான்.

தஞ்சாவூரில் வீணைக் குடத்துக்குப் பலாமரம்தான் வேண்டும் என்பார்கள். அதை வெறும் டப்பா என்று நாம் சொன்னதுண்டா?

ஞாயிற்றுக்கிழமை பலகையைக் கழற்றி, நடுவில் பாதியை அறுத்தெறிந்துவிட்டு, மேலும் கீழும் பட்டை மட்டும் மாட்டினேன். பையன் வந்து டார்ச் பிடித்தான். வாசிப்பு இனி ராத்திரி எட்டு மணி வரைக்கும்தான் என்று ஆஜோபாவோடு ஒப்பந்தம்.