நோவுக்குச் சாட்சி யார்?

விபத்தில் முதுகு நொந்த தொழிலாளி ஒருவனைப் பரிசோதனைக் கூடத்தில் நிறுத்தி, நிலத்திலுள்ள பெட்டியை இடுப்பளவுக்குத் தூக்கும்படி பணிக்கிறார்கள். முறைக்கு முறை பாரம் கூட்டப்படுகிறது. ஓரிடத்தில் அவன் நிறுத்திவிடுகிறான். அவனை நிறுத்தியது தசையின் பலவீனமா? நோவா? நொந்த இடம் மீண்டும் பழுதாகிவிடுமோ என்ற அச்சமா? அல்லது நடிப்பா? பாரத்தை நிறுக்கத் தராசுண்டு. நோவை நிறுக்க அவன் வாய்மொழியன்றி வேறு கருவியில்லை. அந்த வாய்மொழியை நம்புவதா என்பதே, வேலை செய்யும் ஆற்றலை அளக்கும் பரிசோதனைகளின் வரலாறெங்கும் தொடர்ந்து வரும் வழக்காகும்.

இவ்வழக்கு இயந்திர யுகத்தோடு எழுந்தது. புகையிரத விபத்துக்களின் பின், வெளிக்காயம் எதுவுமின்றியே தீராத முதுகு நோவுக்கு ஆளானோரைப் பற்றி இலண்டன் சத்திர வைத்தியர் ஜோன் எரிக்சன் 1866இல் நூலொன்று வெளியிட்டார். முள்ளந்தண்டு அதிர்ந்து பழுதுற்றதே காரணம் என்பது அவர் முடிபு. 1883இல் ஹேர்பேட் பேஜ் இதனை மறுத்து, அச்சத்தால் விளைந்த நரம்பதிர்ச்சியே பெரும்பாலும் காரணம் என்றார். அச்சமும் உடலை முடக்கும் என்ற அவர் கூற்றில் உண்மையிருந்தது. ஆயினும் அவர் புகையிரதக் கம்பனியொன்றின் வைத்தியர் என்பதை நாம் மறத்தலாகாது.

ஜேர்மனியிலே, பிஸ்மார்க்கின் ஆட்சியில் 1884ஆம் ஆண்டு தொழிலாளர் விபத்துக் காப்புறுதிச் சட்டம் பிறந்தது. 1889இல் வைத்தியர் ஹேர்மன் ஒப்பென்ஹைம், விபத்தின் அதிர்ச்சியும் உண்மையான நோயை விளைவிக்கும் என நிறுவ முயன்றார். அவ்வாண்டிலேயே அரச காப்புறுதி அலுவலகம் அந்நோய்க்கு நட்ட ஈடு வழங்க இசைந்தது. 1926இல் அதே அலுவலகம், உதவிப்பணத்தின் மீதுள்ள ஆசையே இந்நோயின் வேர் எனக் கூறிக் கதவைச் சாத்தியது. மனித உடல் இடைப்பட்ட ஆண்டுகளில் மாறிவிடவில்லை. மாறியது, போரில் நொந்து உதவிப்பணம் கேட்டு நின்றோரின் தொகையும் அரசின் கருவூலமுமே.

பின்னர் கருவிகள் வந்தன. கைப்பிடியின் பலத்தை அளக்கும் கருவியைப் பலமுறை அழுத்தச் செய்து, அளவுகள் ஒன்றோடொன்று பொருந்தாவிடின் தொழிலாளி முழு முயற்சி செய்யவில்லை எனத் தீர்ப்பளித்தனர். நோவும் அளவுகளை ஏறி இறங்கச் செய்யும் என்பதை எண்ணிப் பார்த்தோர் சிலரே. 1980இல் கோர்டன் வொடெல் என்னும் ஸ்கொத்லாந்துச் சத்திர வைத்தியர், முதுகு நோவுள்ளோரைப் பரிசோதிக்கையில் உடற்பழுதினால் மட்டும் விளக்கமுடியாத அறிகுறிகள் சிலவற்றை வகுத்தார். மனநிலையையும் ஆராயவேண்டியோரை இனங்காண்பதே அவர் நோக்கம். ஆனால் அவை வழக்குமன்றங்களில் பொய்யரைப் பிடிக்கும் பொறியாக்கப்பட்டன. அது தவறான பயன்பாடு என்று 1998இல் அவரே சகாவொருவருடன் எழுத நேர்ந்தது.

நோவுக்கு அஞ்சுபவன் தன் தசையின் எல்லைக்கு முன்னரே நின்றுவிடுகிறான். வேலை பறிபோய்விடுமென அஞ்சுபவனோ பல்லைக் கடித்துக்கொண்டு எல்லையைத் தாண்டித் தூக்குகிறான். முன்னவன் சோம்பேறியாகவும் பின்னவன் சுகதேகியாகவும் ஏட்டில் பதியப்படுகின்றனர். ஒருநாட் பரிசோதனையில் தூக்கிய பாரத்தை, மறுநாட் காலையில் எழமுடியாத முதுகுடன் நாள்தோறும் எட்டு மணிநேரம் தூக்க முடியுமா என்பதை அந்த ஏடு சொல்வதில்லை.

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணச் சட்டம், நாட்பட்ட நோவை வழமையான நட்ட ஈட்டிலிருந்து விலக்கி, நான்கு வாரப் பயிற்சியோடு கணக்கை முடித்துவந்தது. நொந்த தொழிலாளர் இருவர் வழக்காடினர். 2003ஆம் ஆண்டு ஒக்டோபரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அது சமத்துவ உரிமைக்கு மாறானதென ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நோவு பற்றி ஆராயும் சர்வதேசச் சங்கமும், நோகிறது என ஒருவர் கூறுவதை மதித்தல் வேண்டுமென 2020இல் தன் வரைவிலக்கணத்தோடு சேர்த்து எழுதியது.

பரிசோதனையே வேண்டாமென்பது நம் வாதமன்று. தன்னால் எவ்வளவு இயலும் என்பதை அறிதல் தொழிலாளிக்கும் நன்மையே. ஆனால் பாரம் எழுதப்படும் ஏட்டில், எங்கே நொந்தது, ஏன் நிறுத்தினான், மறுநாள் எப்படியிருந்தான் என்பவையும் அவன் சொற்களிலேயே எழுதப்படல் வேண்டும். தராசைப் பிடித்திருப்பவன் யாருடைய சம்பளம் பெறுகிறான் என்று கேட்கும் உரிமையும் அத்தொழிலாளிக்கு உண்டு.